கல்சியம் கொடுத்தும் மாடு ஏன் விழுந்தது?

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். கொழுந்து பறிக்கும் வேலையோடு இரண்டு கறவை மாடுகளையும் பார்த்துக்கொள்கிறார். மூத்தது பிரிசியன் கலப்பு, இது நான்காவது ஈத்து. போன ஈத்தில் கன்று போட்ட அன்று தள்ளாடியதால், இந்த முறை கல்சியம் குறையக்கூடாது என்று கடைசி இரண்டு மாதமும் தாது உப்பு, தேயிலைக்குப் போடும் டொலமைட் ஒரு கைப்பிடி, நிறைய முள்முருக்கு இலை என்று கொடுத்திருக்கிறார். மாலையில் கன்று போட்டது. மடி கட்டிக்கொள்ளும் என்று பயந்து சீம்பாலை ஒட்டக் கறந்திருக்கிறார்கள், 9 லீற்றர். விடிய மாடு எழும்பவில்லை. கழுத்தை விலாப்பக்கம் மடித்துக்கொண்டு, காது சில்லிட்டுக் கிடந்தது. மதியம் மிருக வைத்தியர் வந்து நரம்பில் ஒரு கல்சியம் போத்தல் ஏற்றினார், அரை மணி நேரத்தில் எழுந்துவிட்டது. நஞ்சுக்கொடி மூன்றாம் நாள்தான் விழுந்தது.

பால் 17 லீற்றர் வரை ஏறியது. மூன்றாம் வாரத்தில் மாடு புண்ணாக்கை ஒதுக்கிவிட்டுப் புல்லை மட்டும் கடிக்கத் தொடங்க, பால் 11 லீற்றராக இறங்கியது. விலா எலும்பு தெரிகிறது. தெம்புக்காகக் காலையும் மாலையும் அரைக் கிலோ சீனி கரைத்துக் கொடுக்கிறார். "பால் நிலையத்துச் சீட்டில் கொழுப்பு 3.8இலிருந்து 5.3க்கு ஏறியிருக்கிறது டொக்டர், அப்படியென்றால் மாட்டுக்குப் பெரிய வருத்தம் இருக்காதுதானே?" என்று கேட்கிறார். மாமியார் கண்ணூறு என்கிறார். கணவர் விற்றுவிடலாம் என்கிறார். இரண்டாவது மாடு ஜெர்சி கலப்பு, மூன்றாவது ஈத்து, இன்னும் ஐந்து வாரத்தில் கன்று போடும். அதற்காக ஊசி போடத் தெரிந்த பக்கத்து டிவிசன்காரரை நம்பி ஒரு கல்சியம் போத்தல் வாங்கி வைக்கலாமா என்பது கடைசிக் கேள்வி.

சகோதரி, முதலில் ஒன்று. உங்கள் கவனக்குறைவால் மாடு விழவில்லை. அதற்கு வந்தது பால் காய்ச்சல், அதாவது கன்று போட்டவுடன் இரத்தத்தில் கல்சியம் திடீரென்று குறையும் வருத்தம். நீங்கள் கொடுத்தது நல்ல பொருள்தான், கொடுத்த காலம்தான் தவறு. கன்று போட்டபின் தேவைப்படுவதைக் கன்று போடுமுன் கொட்டிக் கொடுத்தால் மாட்டின் உடம்பு சோம்பிவிடும். இரண்டாவது மாட்டையாவது காப்பாற்ற வேண்டுமென்றால் இதைச் சற்று விளக்கமாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

கன்று போட்ட இரவில் நடந்தது

ஒரு மாட்டின் இரத்தத்தில் ஓடும் கல்சியம் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 3 கிராம்தான். சீம்பாலில் லீற்றருக்கு 2 கிராம் அளவு கல்சியம் இருக்கிறது. நீங்கள் கறந்த 9 லீற்றரோடு 18 கிராம் போய்விட்டது, அதாவது இரத்தத்தில் இருந்ததைப்போல ஆறு மடங்கு. இந்த இடைவெளியை எலும்பும் குடலும் நிரப்ப வேண்டும். எலும்பில் கிலோக்கணக்கில் கல்சியம் இருக்கிறது. ஆனால் அது துருப்பிடித்த பூட்டுப் போட்ட அறைக்குள் இருக்கும் அரிசி மாதிரி. சாவி கையில் இருந்தாலும் உடனே திறக்காது.

அந்தச் சாவி, கழுத்திலுள்ள பரத்தைராய்டு சுரப்பியின் ஹோர்மோன். இரத்தத்தில் கல்சியம் குறைந்தவுடன் அது சுரந்து, எலும்பைக் கரைக்கச் சொல்லும், சிறுநீரில் கல்சியம் வீணாகாமல் பிடிக்கும், சிறுநீரகத்தில் விட்டமின் டீயைச் செயற்படும் வடிவத்துக்கு மாற்றிக் குடலை அதிகமாக உறிஞ்ச வைக்கும். இவை முழு வேகத்துக்கு வர இரண்டு மூன்று நாள் பிடிக்கும். வற்றுகாலம், அதாவது கன்று போடுமுன் கறவையை நிறுத்திய காலம் முழுக்கத் தீனியிலேயே கல்சியம் வழிந்தால் இந்த ஏற்பாட்டுக்கு வேலையே இருக்காது. கன்று போடும் இரவில் திடீரென்று எழுப்பினால் அது எழும்புவதற்குள் மாடு விழுந்துவிடும்.

அதே இரண்டு நாளில் மற்ற ஹோர்மோன்களும் தலைகீழாகின்றன. சினையைத் தாங்கிய புரோஜெஸ்டரோன் சட்டென்று இறங்குகிறது. ஈஸ்ட்ரோஜன் ஏறுகிறது, அது எலும்பிலிருந்து கல்சியம் வருவதைத் தடுக்கிறது, பசியையும் குறைக்கிறது. புரோலக்டின் மடிக்குப் பாலைக் கொண்டுவருகிறது. செலவு கூடும் நேரத்தில் வரவு குறைகிறது. ஈத்து கூடக் கூட எலும்பு இளகும் வேகமும் குறைவதால்தான் முதல் ஈத்துக் கிடாரிக்கு இந்த வருத்தம் அபூர்வமாகவும், மூன்றாவது நான்காவது ஈத்தில் அடிக்கடியும் வருகிறது.

இன்னொரு காரணத்தை உங்கள் கடிதத்தில் ஒரு வரியில் பார்த்தேன். கொட்டிலைக் கழுவிய தண்ணீர் போய்ச் சேரும் பாத்தியில்தான் உங்கள் சீஓ-3 தீவனப் புல் இருக்கிறது. மூத்திரமும் சாணமும் பாய்ந்த நிலத்தின் புல்லில் பொட்டாசியம் மிக அதிகம். அது இரத்தத்தைக் காரப்பக்கம் தள்ளும். அப்போது பரத்தைராய்டு ஹோர்மோன் சுரந்தாலும் எலும்பும் சிறுநீரகமும் அதற்குச் சரியாகச் செவிசாய்க்காது. மக்னீசியம் குறைந்தாலும் அந்த ஹோர்மோன் சரியாகச் சுரக்காது, பொட்டாசியமோ மக்னீசியம் உடம்பில் சேர்வதையும் தடுக்கிறது. டொலமைட்டில் மக்னீசியம் இருக்கிறதே என்று நினைப்பீர்கள். அது சுண்ணாம்புக்கல் வடிவில் இருப்பதால் மாட்டின் வயிற்றில் சரியாகக் கரையாது, கூடவே கல்சியமும் வருகிறது. அதைத் தேயிலைக்கே விட்டுவிடுங்கள்.

நஞ்சுக்கொடி தாமதமானதும் இதோடு சேர்ந்ததுதான். கருப்பைத் தசை சுருங்கக் கல்சியம் வேண்டும். காம்புத் துளையை மூடும் தசைக்கும் வேண்டும், அதனால்தான் விழுந்த மாட்டுக்கு மடிவீக்கமும் எளிதில் வருகிறது. தொங்கும் கொடியில் செருப்போ கல்லோ கட்டும் வழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். உள்ளே கிழிந்து மிச்சம் தங்கினால் கருப்பை அழுகும். 24 மணி நேரத்தில் விழாவிட்டால் வைத்தியருக்குச் சொல்லுங்கள், கையால் இழுக்காதீர்கள்.

மூன்றாம் வாரத்தில் நடந்துகொண்டிருப்பது

இப்போது உங்கள் மாட்டுக்கு இருப்பது பெரும்பாலும் கீட்டோசிஸ், உடம்புக் கொழுப்பு அளவுக்கு மீறிக் கரைவதால் வரும் வருத்தம். கொழுப்பு ஏறியதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டீர்கள், எனக்கு அதுதான் முதல் எச்சரிக்கையாகத் தெரிந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 17 லீற்றரில் 3.8 சதவீதம் என்றால் ஏறக்குறைய 646 கிராம் கொழுப்பு. 11 லீற்றரில் 5.3 சதவீதம் என்றால் 583 கிராம். மொத்தக் கொழுப்புக் கூடவில்லை, குறைந்திருக்கிறது. வருகிற கொழுப்பிலும் ஒரு பங்கு தீனியிலிருந்து வரவில்லை, மாட்டின் முதுகிலிருந்தும் விலாவிலிருந்தும் கரைந்து வருகிறது. சீட்டில் கொழுப்பற்ற திண்மம் என்ற இன்னொரு எண் இருக்கும். அது முந்திய வாரங்களைவிட இறங்கியிருந்தால் என் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

கன்று போட்டபின் இன்சுலின் குறைந்து வளர்ச்சி ஹோர்மோன் ஓங்கி நிற்கும். உடம்பிலுள்ள குளுக்கோஸை மடிக்கு ஒதுக்கிவிட்டு, மற்றத் தேவைகளுக்குச் சேமித்த கொழுப்பைக் கரைப்பது இயற்கையின் ஏற்பாடு. ஒரு லீற்றர் பாலுக்கு 70 கிராமுக்கு மேல் குளுக்கோஸ் வேண்டும், 17 லீற்றருக்கு நாளொன்றுக்கு 1.2 கிலோ. பால் வேகமாக ஏறும், பசியோ வாரக்கணக்கில் பின்தங்கும். எல்லாக் கறவை மாடும் இந்தப் பள்ளத்தைக் கடக்கத்தான் வேண்டும். கரைந்த கொழுப்பு, ஈரல் தாங்கும் அளவுக்கு மேல் வந்து குவியும்போது அது முழுமையாக எரியாமல் கீட்டோன்களாகி இரத்தத்தில் சேர்கிறது. கீட்டோன் சேர்ந்தால் பசி இன்னும் குறையும். புண்ணாக்கை ஒதுக்கிப் புல்லை மட்டும் கடிப்பது, சாணம் இறுகிச் சளி பூசியதுபோல வருவது, மூச்சிலோ பாலிலோ பழம் கனிந்த மாதிரி வாடை அடிப்பது எல்லாம் இதன் அடையாளங்கள்.

சீனியை இன்றே நிறுத்துங்கள். மனிதனுக்குச் சீனி தெம்பு தருவதுபோல மாட்டுக்குத் தராது. பெருவயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அதைப் புளிக்க வைத்துவிடும், இரத்தத்துக்குச் சீனியாகப் போய்ச் சேராது. நாளுக்கு ஒரு கிலோ என்றால் வயிறு அமிலமாகி இருக்கிற பசியும் போகும். கருப்பட்டிக்கும் இதே கதைதான்.

மாமியார் மனம் ஆறக் கண்ணூறு கழிக்கட்டும், அதில் மாட்டுக்குக் கெடுதல் இல்லை. ஆனால் அதற்காக வைத்தியரை ஒரு மணி நேரமும் தாமதிக்க வேண்டாம். படுத்த மாட்டின் பின்னங்கால் தசை அதன் சொந்தப் பாரத்தாலேயே நசுங்கிச் சாகும். அப்படிக் கெட்ட தசைக்குப் பிறகு எத்தனை போத்தல் கல்சியம் ஏற்றினாலும் மாடு எழும்பாது.

இந்த மாட்டுக்கு இப்போது செய்ய வேண்டியது

முதலில் உறுதிப்படுத்துங்கள். நீரிழிவுக்காரர் பயன்படுத்தும் கீட்டோன் சிறுநீர்ப் பட்டி நகரத்துப் பார்மசிகளில் கிடைக்கும். மாட்டின் பெண்குறிக்குக் கீழே விரலால் மெதுவாக வருடிக்கொண்டிருந்தால் சிறுநீர் விடும். நடுவில் வருவதைச் சுத்தமான கோப்பையில் பிடித்துப் பட்டியை நனையுங்கள், போத்தலில் குறித்த விநாடியில் நிறத்தை ஒப்பிடுங்கள். ஊதா கடுமையானால் கீட்டோன் அதிகம். தேர்மோமீட்டரும் வைத்துப் பாருங்கள். 38.5 அளவு வழமை. 39.5க்கு மேல் போனாலோ, பின்புறம் நாற்றமடிக்கும் கழிவு வந்தாலோ கருப்பை அழற்சி இருக்கலாம். உங்கள் மாட்டுக்குக் கொடி தாமதமானதால் இதை அலட்சியம் செய்ய முடியாது. நான்காம் வயிறு இடம்மாறியிருந்தாலும் இதே அறிகுறிகள்தான், அதை வைத்தியர் காதுக்குழாய் வைத்தே கண்டுபிடிப்பார். ஆகவே பட்டி ஊதாவானாலும் அரச மிருக வைத்திய அலுவலகத்துக்கு ஒரு தடவை சொல்லியே ஆக வேண்டும்.

கீட்டோசிஸ் என்று உறுதியானால் வழமையான மருந்து புரோப்பிலீன் கிளைகோல், நாளுக்கு ஒரு முறை 300 மில்லிலீற்றர், ஐந்து நாள் வாய்வழியாக. ஈரல் இதைக் குளுக்கோஸாக மாற்றிக்கொள்ளும். மாட்டின் தலையை உயர்த்திப் பிடிக்காதீர்கள். முகம் நேராக இருக்க, கடைவாய்ப் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக, விழுங்க விழுங்க ஊற்றுங்கள். கால்நடை மருந்தாக விற்பதை மட்டும் வாங்குங்கள். வாகன ரேடியேற்றருக்கு ஊற்றும் திரவம் பெயரில் இதற்குக் கிட்ட வந்தாலும் அது கொல்லும் நஞ்சு. மாடு மிகவும் சோர்ந்திருந்தால் வைத்தியர் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றுவார்.

தீனியில் அவசரம் வேண்டாம். நறுக்கிய பசும்புல் எப்போதும் முன்னால் இருக்கட்டும். புண்ணாக்கு, தவிட்டைக் கட்டாயப்படுத்தாமல் அரைக் கிலோ அரைக் கிலோவாக நாலைந்து தடவை வையுங்கள், மிச்சத்தை எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள். பசி திரும்பியதும் நாளுக்கு அரைக் கிலோவுக்கு மேல் கூட்டாதீர்கள், ஒரு வேளைக்கு 2 கிலோவைத் தாண்ட வேண்டாம். தண்ணீர் 60 லீற்றருக்குக் குறையக்கூடாது. உங்கள் பக்கத்துக் காலைக் குளிரில் பீப்பாய்த் தண்ணீரை மாடு முகர்ந்துவிட்டு விலகும், ஒரு கேத்தல் சுடுதண்ணீர் கலந்தால் குடிக்கும்.

விற்பது பற்றி: கணவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு தடவை விழுந்த மாடு அடுத்த ஈத்திலும் விழ வாய்ப்பு அதிகம். ஆனால் எலும்பும் தோலுமாக இருக்கும் இன்றைக்கு விற்றால் இறைச்சி விலைதான் கிடைக்கும். சரியான சிகிச்சையில் பெரும்பாலான மாடுகள் ஒன்றிரண்டு வாரத்தில் தேறிவிடும், அதன்பிறகும் பல மாதக் கறவை மிச்சம் இருக்கிறது. என் கருத்து, இப்போது விற்காதீர்கள். தேறியபின் பாலையும் சினைப்பிடிப்பையும் பார்த்து முடிவெடுங்கள். உடம்பு இறங்கிக்கொண்டிருக்கும்வரை சூலகத்தை இயக்கும் ஹோர்மோன் துடிப்பும் அடங்கியே இருக்கும். ஆகவே பருவத்துக்கு வரவில்லை என்று ஊசிக்கு ஓட வேண்டாம். எடை இறங்குவது நின்று, கன்று போட்டு 60 நாளும் கடந்தபின் சினைப்படுத்தலாம்.

வைத்தியர் நுண்ணுயிர்கொல்லி மருந்து கொடுத்தால் எத்தனை நாள் பாலை ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக் கொட்டில் தூணில் எழுதி ஒட்டுங்கள். அந்தப் பால் நிலையத்துக்கும் போகக்கூடாது, பிள்ளைகளுக்கும் கொடுக்கக்கூடாது.

ஐந்து வாரத்தில் போடவிருக்கும் மாட்டுக்கு

இதற்குத்தான் நேரம் இருக்கிறது. ஜெர்சி இரத்தம், மூன்றாவது ஈத்து. பால் காய்ச்சலுக்குப் பிரிசியனைவிட ஜெர்சியே அதிகம் இலக்காகும். செயற்கைச் சினைப்படுத்தல் சீட்டை எடுத்து 280 நாள் எண்ணி எதிர்பார்க்கும் திகதியைக் குறியுங்கள். இன்னும் பால் கறந்துகொண்டிருந்தால் இன்றே நிறுத்துங்கள்.

திகதிக்கு மூன்று வாரம் முன்பு தீனி மாற வேண்டும். தாது உப்பு, டொலமைட், முள்முருக்கு இலை, கிளிரிசிடியா இலை நிறுத்தம். கொட்டில் கழிவு பாயும் பாத்திப் புல்லைக் கறக்கும் மாட்டுக்குக் கொடுத்துவிட்டு, இதற்குக் கழிவுத் தண்ணீரும் பசளையும் படாத இடத்துக் கினிப் புல்லை அறுங்கள். மரக்கறித் தோட்டத்திலிருந்து வரும் பீட்ரூட் இலை, கோவா இலையும் இந்த மூன்று வாரம் வேண்டாம், அவற்றிலும் பொட்டாசியம் அதிகம். புல்லிலேயே கொஞ்சம் கல்சியம் இருக்கத்தான் செய்யும். அதனால் தாது உப்பை நிறுத்தினால் மட்டும் முழுப் பாதுகாப்பு வந்துவிடாது, புல்லை மாற்றுவதே பெரிய வேலை. மக்னீசியத்துக்கு எப்சம் உப்பு நாளுக்கு 50 கிராம் அளவில் தவிட்டில் பிசைந்து வைக்கலாம். கசப்பதால் சிறிதாகத் தொடங்குங்கள். மரக்கறிக்குத் தெளிக்கும் பசளைத் தரத்தை வாங்காமல், கால்நடைக்கோ மருந்துக்கோ உரியதை வைத்தியரிடம் கேட்டு வாங்குங்கள்.

கலப்புத் தீனியை அரைக் கிலோவில் தொடங்கி கன்று போடும்போது 2 கிலோவுக்குக் கொண்டுவாருங்கள், அதற்குமேல் வேண்டாம். பெருவயிறு பழகத்தான் இது. கொழுக்க வைத்தால் கன்று போட்டபின் பசி குறைந்து ஈரலில் கொழுப்பு ஏறும். விலாவில் கைவைத்து இலேசாக அழுத்தினால் எலும்பு தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்தித் தெரியக்கூடாது. விட்டமின் டீ ஊசி பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அது கன்று போடுவதற்கு 2 முதல் 8 நாள் முன் போட்டால்தான் பலன் தரும். திகதி பிசகி மறுபடி மறுபடி போட்டால் இரத்தக் குழாய்களில் சுண்ணாம்பு படியும். சீட்டுத் திகதி உறுதியானால் மட்டும் வைத்தியரோடு பேசுங்கள்.

கன்று போட்ட அன்று: மாடு எழுந்து நின்று விழுங்கும் நிலையில் இருக்கும்போதே வாய்வழிக் கல்சியம் ஒரு தடவை, 12 மணி நேரம் கழித்து இன்னொரு தடவை. தாது உப்பும் அன்றே திரும்பலாம். வெதுவெதுப்பான தண்ணீர் குடிக்கும் அளவுக்குக் கொடுங்கள். முதல் இரண்டு நாளும் ஒட்டக் கறக்காதீர்கள். கன்றுக்கு வேண்டியதைக் கறந்தால் போதும், முதல் இரண்டு மணி நேரத்துக்குள் 2 லீற்றர், முதல் நாள் முடியுமுன் அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு. ஒவ்வொரு கறவையிலும் நாலு காம்பிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். பாலில் திரியோ மடியில் வீக்கமோ இருந்தால் மட்டும் அந்தக் காம்பைக் காலி செய்யுங்கள். மூன்றாம் நாளிலிருந்து முழுக் கறவை.

அன்றிரவு இரண்டு மூன்று தடவையாவது போய்க் காதைத் தொட்டுப் பாருங்கள். காது சில்லிடுவது, பின்னங்கால் மாற்றி மாற்றி வைப்பது, தோல் நடுங்குவது, சாணம் போடாமல் நிற்பது இவற்றில் எதைக் கண்டாலும் விடியும்வரை காத்திருக்காமல் அழையுங்கள். நிற்கும் மாட்டைக் காப்பாற்றுவது மிக எளிது.

போத்தல் வாங்கி வைக்கலாமா?

வாங்கி வைக்கலாம், நரம்பில் ஏற்ற அயலவரை விடக்கூடாது. கல்சியம் நரம்பில் வேகமாக ஏறினால் இதயம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். வைத்தியர் உடல் சூட்டுக்கு வெதுப்பிய போத்தலைப் பத்து இருபது நிமிடம் எடுத்து, இதயத்துடிப்பைக் கேட்டுக்கொண்டே ஏற்றுவது அதற்காகத்தான். வைத்தியர் வரத் தாமதமானால், அவர் தொலைபேசியில் சொல்லும் அளவைத் தோலுக்கடியில் பல இடமாகப் பிரித்துப் போட அந்த அயலவர் உதவலாம். அதற்கும் குளுக்கோஸ் கலக்காத போத்தல்தான் வேண்டும், எது என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

அதுவரை படுத்த மாட்டை நெஞ்சு நிலத்தில் படும்படி நிமிர்த்தி, இருபுறமும் வைக்கோலோ புல் நிரப்பிய சாக்கோ அண்டை கொடுங்கள். முழுதாகச் சரிந்து கிடந்தால் வயிறு ஊதி மூச்சு முட்டும். மூன்று மணிக்கு ஒரு தடவை பக்கம் மாற்றுங்கள். சீமெந்துத் தரையில் மண்ணோ சாக்கோ போடுங்கள், எழும்ப முயன்று வழுக்கினால் இடுப்பு போய்விடும். முதுகில் படங்கு போர்த்துங்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள், தண்ணீர்கூட வேண்டாம். விழுங்கும் தசையும் தளர்ந்திருப்பதால் அது நுரையீரலுக்குப் போகும். ஏற்றியபின் எழுந்துவிட்டாலும் ஏறக்குறைய நாலில் ஒரு மாடு அடுத்த இரண்டு நாளுக்குள் மறுபடி விழும் என்பதால் காவல் தொடரட்டும்.

வைத்தியரை அழைக்கும்போது எத்தனையாவது ஈத்து, கன்று போட்டு எத்தனை மணி நேரம், நிற்கிறதா படுத்ததா, தேர்மோமீட்டர் எண், கடைசியாகச் சாணம் போட்டது எப்போது, இந்த ஐந்தையும் சொல்லுங்கள். எந்தப் போத்தலோடு கிளம்ப வேண்டும் என்பது அவருக்கு அங்கேயே தெரிந்துவிடும்.